வீட்டில் செய்த லூருக்கு எந்த கிளியர் கோட்? எபாக்ஸிக்கே என் ஓட்டு

மீன்பிடிக்கத் தூண்டிலில் கட்டும் பொய் இரையான லூரை ஜெலுத்தோங் மரத்தில் செதுக்கி, வண்ணம் அடித்து, கண்ணும் ஒட்டியாயிற்று. மேலே காப்புக்கு நிறமற்ற பூச்சாக (கிளியர் கோட்) என்ன பூசுவது என்று கேட்டால் பெரும்பாலும் நான்கு பதில்கள் வரும்: இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்ஸி, புற ஊதா ஒளியில் இறுகும் யுவி ரெசின், காற்றின் ஈரத்தில் இறுகும் யூரிதேன், கார் பெயிண்டுக்கான 2கே ஸ்பிரே. நான் எபாக்ஸியில் வந்து நின்றவன். அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பளபளப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒழுங்காகப் பூசினால் நான்குமே கடைச் சரக்கு போல மின்னும். ஒரு லூருக்குப் பிடிக்கும் அளவு கொஞ்சம்தான் என்பதால் விலையும் பெரிய விஷயமில்லை.

முதலில் 2கே. டப்பாவின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, பூச்சை இறுக வைக்கும் ஹார்டனரை உள்ளே இறக்கிவிட்டால் ஒன்றிரண்டு நாளில் டப்பாவைத் தீர்த்தாக வேண்டும். அதைவிட முக்கியம், தூவும்போது காற்றில் பரவும் ஐசோசயனேட். நுரையீரலுக்கு ஆகாத பொருள் அது. சாதாரண முகக்கவசம் போதாது. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் இதை எங்கே வைத்து அடிப்பது? காரிடாரில் அடித்தால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம்தான். இதை நான் பூசிப் பார்த்ததில்லை. நண்பர்களின் லூர்களைக் கையில் வாங்கிப் பார்த்தவரை பூச்சு மெல்லியது, கண்ணாடி போலத் தெளிவானது. காற்றோட்டமான தனி இடமும் சரியான ரெஸ்பிரேட்டரும் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

யூரிதேன் சோம்பேறிகளுக்கு ஏற்றது. முக்கி எடுத்துக் கொடியில் தொங்கவிட்டால் போதும், வழியாமல் இருக்கச் சுழற்றத் தேவையில்லை. எடையும் அதிகம் ஏறாது. சிக்கல் டப்பாவில்தான். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடிகாலையில் 90ஐத் தாண்டும். லூரை இறுக வைக்கும் அதே ஈரம், திறந்த டப்பாவுக்குள்ளும் புகுந்து மிச்சத்தை ஜெல்லி ஆக்கிவிடும். மூடியைத் திறக்காமல் சிறு துளை போட்டு, தேவையானதை ஊற்றிவிட்டு, துளையை ஸ்க்ரூவால் அடைத்து வைப்பார்கள். கொஞ்ச நாள் தாங்கும். தடிமனாகப் பூசினால் இறுகும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக நிற்கும். ஒரே மூச்சில் இருபது முப்பது லூர் செய்பவருக்குச் சரி. மாதத்துக்கு ஒன்றிரண்டு செய்பவருக்குக் கட்டுப்படியாகாது.

ஆக உண்மையான போட்டி எபாக்ஸிக்கும் யுவி ரெசினுக்கும்தான்.

யுவியின் வசதியை மறுக்க முடியாது. கலக்க வேண்டாம், அவசரம் இல்லை, விளக்கைக் காட்டினால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. விளக்கு இல்லாவிட்டால் நம் ஊர் உச்சிவெயிலே போதும். மிச்சத்தை வெளிச்சம் படாமல் வைத்தால் பாட்டிலும் நெடுநாள் வரும்.

ஆனால் லூர் எங்கே கெடுகிறது என்று பாருங்கள். முதுகிலோ பக்கவாட்டிலோ அரிதாகத்தான் கெடும். கொக்கி வளையம் மரத்துக்குள் இறங்கும் துளை, மூக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடான லிப் செருகிய பிளவு, மூன்று முனைக் கொக்கியான ட்ரெபிள் ஹூக் ஆடி ஆடி உரசும் அடிவயிறு, தண்ணீர் நுழைவது இந்த மூன்று இடங்களில்தான். வளையத்தைச் சுற்றி முடி போல ஒரு சாம்பல் கோடு தெரிந்தால் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பிறகு மரம் ஊதி, பெயிண்ட் நெடுக வெடித்து, நகத்தால் நெருடினாலே பூச்சு தோலாக உரியும்.

அந்தத் துளைக்கும் பிளவுக்கும் உள்ளே யுவி விளக்கின் ஒளி போகாது. லிப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றால் இன்னும் மோசம்: 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள யுவி ஒளியைப் பாலிகார்பனேட் ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். வெளியே கல்லாக இறுகியிருக்கும், உள்ளே ரெசின் பிசுபிசுவென்று கிடக்கும். எபாக்ஸிக்கு வெளிச்சம் எதற்கு? கசிந்து போன இடமெல்லாம் இருட்டிலேயே இறுகிக்கொள்ளும்.

அடுத்தது பல். லோவர் சிலேத்தார் போன்ற நீர்த்தேக்கங்களில் செயற்கை இரை மட்டும்தான் அனுமதி, அங்கே டோமான் (பெரிய விரால் வகை மீன்) கடித்தால் லூரின் உடம்பில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். தடித்த எபாக்ஸி பெரும்பாலும் அமுங்கிக் கொடுக்கும். நான் வாங்கிய யுவி ரெசின்கள் சில்லு சில்லாகத் தெறித்தன. வளைந்து கொடுக்கும் யுவி வகைகளும் உண்டு. எல்லா பிராண்டுக்கும் சேர்த்து இதைச் சொல்லவில்லை.

பழுது பார்ப்பதும் எபாக்ஸியில் எளிது. கேமராவுக்கு வைத்திருக்கும் ட்ரை கேபினட்டில் லூரைச் சில நாள் போட்டு மரத்தின் ஈரத்தை வாங்கவிட்டு, 400 உப்புத்தாளால் தேய்த்து, பல்குத்தி நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் குழியில் வைத்தால் போதும். ஈரத்தோடு மூடினால் உள்ளேயே உளுத்துப் போகும், அதில் மட்டும் அவசரம் கூடாது.

எபாக்ஸியின் தொல்லைகளும் கொஞ்சமல்ல. டெவ்கான் 2 டன் போன்ற 30 நிமிட வகை நம் வெக்கையில் அதற்கு முன்பே கெட்டியாகும். கிண்ணத்தில் குவித்து வைக்காமல் அலுமினியத் தாளில் பரப்பினால் சூடு குறைந்து கூடுதல் நேரம் கிடைக்கும். ஈரப்பதம் அதிகமான இரவில் மேலே எண்ணெய் போல ஒரு படலம் வரும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவித் தேய்க்காமல் அடுத்த கோட் பூசினால் ஒட்டாது. நான் ஏர்கான் ஓடும் அறையில் பூசுகிறேன், வெக்கை, ஈரம் இரண்டுக்கும் அதுவே மருந்து. வழிந்து முடிச்சு விழாமல் இருக்கச் சுழற்றவும் வேண்டும். பழைய மைக்ரோவேவ் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டார் இதற்குப் போதும், ஒயர் இணைப்பை மட்டும் நன்றாகக் காப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் பட்டுப்பட்டு எபாக்ஸி மஞ்சளிக்கும். பச்சை, தங்க நிறங்களில் தெரியாது, வெள்ளை வயிற்றில் தெரியும். மீன் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த லூரில் இரண்டு கோட் போட்டால் எடை கூடி மிதப்பே மாறிவிடும். அங்கே யூரிதேன்தான் சரி.

கடல் பக்கம் என் அனுபவம் குறைவு. பிடோக் ஜெட்டிக்குப் போனால் பெரும்பாலும் முழுக்க உலோகத்தாலான லூரான ஜிக்தான் வீசுவேன். ஜிக்கில் ஊறுவதற்கு மரம் இல்லை, ஒளி புகாத பிளவும் இல்லை. அதற்கு நானும் யுவி ரெசின்தான் பூசுகிறேன். பாறையில் இடித்துத் தெறித்தால் மறுபடி ஒரு கோட், அவ்வளவுதான்.