பியர் குழாய் கழுவ ஆள் கூப்பிடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

தீபாவளி நெருங்கினால் வீட்டில் கெக் (பியர் பீப்பாய்) வைத்திருப்பவர்கள் அதிலிருந்து பியர் வரும் குழாயைக் கழுவ ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

என் வீட்டில் நடந்தது இது. பேசிய கூலி 120 வெள்ளி. இரண்டு டேப் (பியர் ஊற்றும் திருகுவாய்), ஒவ்வொன்றுக்கும் மூன்று மீட்டர் குழாய். வந்தவர் கெக்கைக் கழற்றினார், ஊதா நிறக் கரைசல் நிரப்பிய பாட்டிலை மாட்டினார், பியருக்கு வைத்திருந்த அதே கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரால் அழுத்தம் கொடுத்து டேப்பைத் திறந்தார். ஊதாத் தண்ணீர் வந்தது. அப்புறம் வெறும் தண்ணீர். டேப்பின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்தார். இரண்டு குழாய்க்கும் சேர்த்து மொத்தம் 12 நிமிடம். ரசீதில் "டேப், கப்ளர் உட்பட முழுச் சுத்தம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கப்ளர் என்பது கெக்கின் வாயில் மாட்டும் இணைப்பு. மூன்றாம் நாள் ஊற்றிய முதல் கிளாசிலேயே வெண்ணெய் வாடை.

டேப்பைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது. உள்ளே இருக்கும் தண்டிலும் ஓ-ரிங்கிலும் பழுப்பாக ஒரு பிசுபிசுப்பு. பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பாலாடை மாதிரி உரிந்து வருகிறது. காற்றுத் துளையின் ஓரத்தில் கருப்பாகப் பூஞ்சை. அந்த டேப்பை அவர் கழற்றவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த வெண்ணெய் வாடை டையசெட்டில். பீடியோகாக்கஸ் போன்ற லாக்டிக் பாக்டீரியாக்கள் குழாயில் குடியேறினால் வருவது. காடி மாதிரிப் புளித்தால் அது அசெட்டோபாக்டர். அதற்குக் காற்று வேண்டும், அதனால் டேப்பின் வாயில்தான் தங்கும். குழாய் கழுவும் தேதிக்கும் பியரின் ருசிக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முறையான வேலை இப்படித்தான் இருக்கும். 4.76 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள மூன்று மீட்டர் குழாயில் 53 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். ஆகவே ஒரு குழாய்க்கு இரண்டு லிட்டர் கரைசல் தாராளம். முதலில் உள்ளே நிற்கும் பியரைத் தண்ணீர் விட்டு வெளியேற்ற வேண்டும். அடுத்தது காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசல், 2 சதவீதம். பழைய குழாயாகவோ நாள்பட்ட அழுக்காகவோ இருந்தால் 3 சதவீதம். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், லேபிளைப் பார்த்து அளந்துதான் கலக்க வேண்டும். கண்ணளவு கூடாது. சூடு 27 முதல் 43 டிகிரி செல்சியஸ். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே கிட்டத்தட்ட அந்த வெதுவெதுப்பில் வந்துவிடும், ஆனால் கெக் வைக்கும் குளிர்பெட்டிக்குள் சுருட்டிக் கிடக்கும் குழாய் சில்லென்று இருப்பதால் உள்ளே போன கரைசல் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் பாதி நேரத்தில் புதுக் கரைசல் தள்ள வேண்டும்.

நேரம்தான் இதில் உயிர். சிறு பம்ப் வைத்துச் சுழலவிட்டால் குறைந்தது 15 நிமிடம், நிரப்பி ஊறவைத்தால் குறைந்தது 20 நிமிடம். இரண்டு குழாய்க்கும் சேர்த்து 12 நிமிடத்தில் கழுவல், அலசல் எல்லாம் முடிந்தது என்றால் கணக்கே இடிக்கிறது.

அவர் கொண்டுவந்த ஊதாக் கரைசலும் காஸ்டிக் வகைதான். அதைக் கார்பன் டை ஆக்சைடால் தள்ளியது இன்னொரு தவறு. அந்த வாயு காஸ்டிக்கோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகிவிடும். மருந்தின் வலு குறையும். மூடிய கெக்கில் இதைச் செய்தால் உள்ளே வெற்றிடமும் உண்டாகும். கைப் பம்ப் உள்ள பாட்டில் போதும்.

ஊதா நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த வகை மருந்தில் பெர்மாங்கனேட் இருக்கும், கரிம அழுக்கு பட்டால் பச்சையாக மாறும். ஊதாவாகவே வெளியே வந்தால் சுத்தம் என்று காட்டுவார்கள். ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடிய கரைசல் ஊதாவாக வராமல் வேறெப்படி வரும்? ஊறவைத்த பிறகு என்ன நிறம் என்பதுதான் கேள்வி.

டேப்பைக் கழற்ற அதற்கென்றே ஒரு ஸ்பேனர் உண்டு. பல மாடல்களில் மரை தலைகீழ்: கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயும் டேப்பும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கப்ளர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கழுவல் தனியாக வேண்டும், ஏனென்றால் கால்சியம் ஆக்சலேட்டாகப் படியும் பியர்க்கல்லைக் காஸ்டிக் கரைக்காது. பியர்க்கல் படிந்த குழாய் சொரசொரப்பாகி நுரையாகக் கக்கும். காஸ்டிக்கும் அமிலமும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, இடையில் நன்றாக அலச வேண்டும். குளோரின் பிளீச் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரிக்கும், அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு. சானிடைசரை (கிருமிநாசினி) மட்டும் ஓட்டிவிட்டுக் கழுவிவிட்டேன் என்பவரும் உண்டு. அழுக்கின் மேல் அது வேலை செய்யாது.

கடைசியில் பிஎச் தாள், அதாவது காரமா அமிலமா என்று நிறத்தால் காட்டும் தாள். முதலில் சமையலறைக் குழாய்த் தண்ணீரில் ஒன்றை நனைத்து நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு பியர் டேப்பிலிருந்து வரும் அலசல் தண்ணீரில் இன்னொன்று. இரண்டும் ஒரே நிறமாகும்வரை அலச வேண்டும். அந்த ஆள் ஒரு தாள்கூட எடுக்கவில்லை. மீதமிருக்கும் காஸ்டிக் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும், ஆகவே இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேலை நடக்கும்போது டேப் கைப்பிடியில் "மருந்து உள்ளே, திறக்காதே" என்று சீட்டுக் கட்டிவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம்.

கூப்பிடும்போதே கேளுங்கள்: எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், டேப்பைக் கழற்றுவீர்களா, பிஎச் தாள் இருக்கிறதா. பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். குழாயை மாற்றித் தருகிறேன் என்றால் பழைய குழாயில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வினைல் குழாயை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நியாயம்தான், மாற்றாமல் காசு வாங்குவதுதான் பிரச்சினை.

ஏமாந்துவிட்டால், கழற்றிய டேப்பைக் கழுவுமுன் படம் எடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் சொல்லலாம். பேச்சு எடுபடாவிட்டால் சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.