5,127 மாதிரிகளா, கடையில் எடுத்த படமா?

தூசிப் பை இல்லாத வேக்குவம் கிளீனருக்காக ஜேம்ஸ் டைசன் 5,127 சோதனை மாதிரிகள் செய்தார். ஏறக்குறைய ஐந்து வருடம், கழுத்தளவு கடன். தூசியை உறிஞ்சாவிட்டால் அது வெறும் டப்பாதானே. அந்தப் பிடிவாதம் நியாயம்.

1999-இல் இணையத்தில் ஷூ விற்க நினைத்த நிக் ஸ்வின்மர்னுக்கு இருந்த சந்தேகம் வேறு: போட்டுப் பார்க்காமல் யாராவது செருப்பு வாங்குவார்களா? கிடங்கும் சரக்கும் சேரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பக்கத்துக் கடைகளில் ஷூக்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்ததும் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். கையில் லாபம் நிற்காத வியாபாரம்தான், ஆனால் பதில் கிடைத்துவிட்டது.

லோகோ நிறத்துக்கே மூன்று மாதம் செலவழித்த எனக்கு ஸ்வின்மர்ன் வழிதான் சரி. அவருடைய இணையக் கடைதான் ஸாப்போஸ். 2009-இல் அமேசான் அதை வாங்கியது.