கொடைக்கானல் கடைத்தெரு கமலா தோல் பொடி: வாங்கலாமா?

கீழ்ப் பழனி மலைக் கமலா ஆரஞ்சின் தோலை அரைத்து, ‘கல்லீரலுக்கு நல்லது’ என்று விற்கிறார்கள். மணம் அருமை. பாக்கெட்டில் ஒட்டிய சீட்டை அப்படியே நம்ப வேண்டாம்.

தோலிலுள்ள ஹெஸ்பெரிடின், நோபிலெடின் போன்ற தாவரச் சேர்மங்கள் கல்லீரல் செல்லில் என்ஆர்எஃப்2 என்ற தற்காப்புப் புரதத்தைத் தூண்டி, செல்லைச் சேதமாகாமல் காக்கும் குளூட்டாதயோன் முதலிய ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைக் கூட்டுகின்றன. பெரும்பாலும் எலியிலும் ஆய்வகச் செல்லிலும் கண்டது இது. காமாலைக்கு மருந்தல்ல.

ஹெஸ்பெரிடின் தண்ணீரில் சரியாகக் கரையாது. கஷாயமாக வடிகட்டினால் ஒரு பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். அரை டீஸ்பூன் பொடியைத் துவையலில் சேர்த்து அப்படியே சாப்பிடுங்கள். தோலின் உள்வெள்ளையிலும் ஹெஸ்பெரிடின் உண்டு; அதைச் சுரண்டாமல் அரைத்ததாகக் கேட்டு வாங்குங்கள், கசந்தாலும் பரவாயில்லை.

மலை ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்த தோல் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகளின் நஞ்சு கல்லீரலையே கெடுக்கும். பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். கட்டி தட்டியிருந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள்.