ரிசோர்சஸ் ஃபோல்டர்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒரு ஃபைல் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ஜாவாவில் கிளாஸ்பாத்திலிருந்து (ஓடும் ப்ரோக்ராம் தன் கிளாஸ்களையும் ஃபைல்களையும் தேடும் இடங்கள்) ஃபைலை எடுத்துத் தரும் கெட்ரிசோர்ஸ்ஆஸ்ஸ்ட்ரீம் என்ற மெத்தட் அப்படிச் சொல்வதில்லை. 'நல்' (null, அதாவது ஒன்றுமில்லை) ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதை வாங்கிக்கொண்டு போன கோட் நாலு வரி தள்ளியோ நாலு கிளாஸ் தள்ளியோ நல்பாயின்டர் எக்ஸெப்ஷன் அடித்து விழும். எந்த ஃபைலைத் தேடியது, எந்த இடத்தில் தேடியது என்று லாக்கில் ஒரு வார்த்தை இருக்காது. ஜாவா ப்ராஜெக்டைக் கட்டித் தரும் பில்ட் கருவியான மேவனில், இப்படிக் கோட் படிக்கும் ஃபைல்களை வைக்கும் இடம்தான் ரிசோர்சஸ் ஃபோல்டர். அதைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். மற்றதெல்லாம் பழகிவிட்டது, இது மட்டும் இன்னும் பழகவில்லை.

தேடும் விதியாவது ஒன்றாக இருக்கிறதா என்றால், இல்லை. கிளாஸ் வழியாகக் கேட்டால், பெயருக்கு முன்னால் ஸ்லாஷ் போட்டால் கிளாஸ்பாத்தின் உச்சியிலிருந்து தேடும், போடாவிட்டால் அந்தக் கிளாஸ் இருக்கிற பேக்கேஜுக்குள் தேடும். கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடர் வழியாகக் கேட்டால் முன்னால் ஸ்லாஷே கூடாது. வெப் அப்ளிகேஷனுக்கான சர்வ்லெட்கான்டெக்ஸ்ட் வழியாகக் கேட்டால் ஸ்லாஷில்தான் தொடங்க வேண்டும். அதுவும் கிளாஸ்பாத் பக்கம் போகாது, வார் ஃபைலின் (வெப் அப்ளிகேஷனைக் கட்டிய பொட்டலம்) வேரிலிருந்து பார்க்கும். மூன்றிலும் மெத்தட் பெயர் ஒன்றேதான்! ஒரு எழுத்து தவறினால் மறுபடியும் அதே மௌனமான 'நல்'.

புதிதாக ஒரு வெப் அப்ளிகேஷன் தொடங்கும் நண்பர், "கான்ஃபிக், டெம்ப்ளேட், படம், ஃபான்ட் எல்லாம் ரிசோர்சஸில் வைக்கவா, வெப்ஆப்பில் வைக்கவா?" என்று கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நியாயமாகப் பார்த்தால் இந்த அமைப்பைப் பாராட்டித்தான் தொடங்கியிருக்க வேண்டும். 2005-இல் மேவன் 2 வந்தபோது பரவிய ஃபோல்டர் ஒழுங்கு இது. அதற்கு முன் ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் ஒவ்வொரு பெயரில் ஒரு கான்ஃபிக் ஃபோல்டர், அதை எடுத்து வைக்கத் தனியாக ஆன்ட் என்ற பழைய பில்ட் கருவிக்கு ஒரு ஸ்கிரிப்ட். இன்று முன்பின் தெரியாத ப்ராஜெக்டைத் திறந்தாலும் ப்ராப்பர்டீஸ் ஃபைல் (பெயரும் மதிப்புமாக எழுதிய கான்ஃபிக்) எங்கே இருக்கும் என்று கை தானாகப் போகிறது. பின்னால் வந்த 'கிரேடில்' என்ற பில்ட் கருவியும் இதே ஒழுங்கைத்தான் எடுத்துக்கொண்டது.

யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டால் இடம் தெரிந்துவிடும். ஜாவா கோட் படிக்கும் ஃபைல் ரிசோர்சஸுக்கு. பில்டில் அது வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் கிளாஸஸுக்குப் போய்விடும். பிரவுசர் நேரடியாகக் கேட்கும் ஃபைல் வெப்ஆப் ஃபோல்டருக்கு, அது வாரின் வேருக்குப் போகும். வெப்-இன்ஃபுக்குள் இருப்பதைப் பிரவுசர் நேராகக் கேட்டு வாங்க முடியாது. ஜேஎஸ்பி ஃபைல்களை (சர்வரில் வெப் பக்கமாக மாறும் டெம்ப்ளேட்கள்) அதற்குள் வைப்பது அதனால்தான். ஸ்ப்ரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில், வாருக்குப் பதில் ஜார் என்ற பொட்டலமாகக் கட்டுவதாக இருந்தால் வெப்ஆப் ஃபோல்டரை மறந்துவிடுங்கள். ஜார் கட்டும்போது பெரும்பாலான பில்ட் கருவிகள் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். அங்கே ஸ்டாட்டிக் ஃபைல்களுக்கும் டெம்ப்ளேட்களுக்கும் ரிசோர்சஸுக்குள்ளேயே தனித்தனி ஃபோல்டர் உண்டு.

அப்புறம், ரிசோர்ஸை 'ஃபைல்' ஆப்ஜெக்டாக மாற்றிப் படிக்கும் பழக்கம். கோட் எழுதும் ஐடிஇ-யில் ஓட்டும்போது, பில்ட் ஆனவை போகும் டார்கெட்டுக்குள் நிஜமான ஃபோல்டர் இருப்பதால் எல்லாம் ஓடும். ஜாராகக் கட்டிச் சர்வரில் ஏற்றியதும் அது ஃபைல் இல்லை, ஒரு ஜிப்புக்குள் இருக்கும் பதிவு. ஸ்ட்ரீமாக மட்டுமே படிக்க முடியும். பெயரில் ஆங்கில எழுத்தின் பெரிது சிறிதும் அப்படித்தான். விண்டோஸ் கண்டுகொள்ளாத வித்தியாசத்தை ஜார் விடாது.

என் கோபத்துக்கு உடனடிக் காரணம் ஃபில்டரிங். வெர்ஷன் எண்ணை ப்ராப்பர்டீஸ் ஃபைலுக்குள் தானாக நிரப்ப, எங்கள் பில்டில் ரிசோர்சஸ் முழுவதற்கும் ஃபில்டரிங்கை ஆன் செய்திருந்தார்கள். மேவன் அப்போது ஒவ்வொரு ஃபைலையும் எழுத்தாகப் படித்துத் திரும்ப எழுதுகிறது. ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப், பிஎம்பி போன்ற சில வகைப் படங்களை மட்டும் அதுவாகவே விட்டுவிடும். ஃபான்ட் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ரிப்போர்ட் பிடிஎஃப்-க்கான ஃபான்ட் சிதைந்து போனது, பில்டோ பிழை எதுவும் காட்டாமல் பச்சையாக முடிந்தது. ஃபைல் இருக்கிறது, பெயர் சரி, பாதை சரி. உள்ளே இருக்கும் பைட்டுகள் மட்டும் வேறு. எங்கே போய்த் தேடுவது? கடைசியில் மூல ஃபைலையும் ஜாருக்குள் இருந்ததையும் அளவு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. தீர்வு எளிது: ஃபில்டர் ஆக வேண்டியவற்றைத் தனி ஃபோல்டரில் போட்டு, அதற்கு மட்டும் ஃபில்டரிங்கை ஆன் செய்யுங்கள். ஒரே ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும் என்றால், தொடக்கூடாத எக்ஸ்டென்ஷன்களை ப்ளகினில் எழுதிக் கொடுங்கள். ரகசியச் சாவிகளை வைக்கும் கீஸ்டோர் ஃபைல்களுக்கும் இதே கதிதான்.

எதிர்பாராத சந்தோஷமும் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் ப்ராப்பர்டீஸ் ஃபைலில் தமிழை நேராக எழுத முடியாது; ஒவ்வொரு எழுத்தையும் யூனிகோட் எண்ணாக மாற்றித்தான் வைக்க வேண்டும். ஸ்கிரீனில் வரும் வாக்கியம் சரியா என்று ஃபைலைப் பார்த்துச் சொல்லவே வழியில்லை. 2017-இல் வந்த ஜாவா 9 முதல், மொழிவாரியான வாக்கியங்களை எடுத்துத் தரும் ரிசோர்ஸ்பண்டில் இந்த ஃபைல்களை யூடிஎஃப்-8 ஆகவே படிக்கிறது. ரிசோர்சஸைத் திறந்தால் தமிழ் தமிழாக இருக்கிறது. ப்ராப்பர்டீஸ் கிளாஸின் லோடை இன்புட்ஸ்ட்ரீமோடு நேராகக் கூப்பிட்டால் மட்டும் இன்னும் தமிழ் எழுத்தே இல்லாத பழைய லத்தீன்-1 குறியீடுதான். யூடிஎஃப்-8 ரீடர் கொடுத்துப் படியுங்கள், சரியாகிவிடும்.

பாஸ்வேர்டையும் யூசர்கள் ஏற்றும் ஃபைல்களையும் இரண்டு ஃபோல்டரிலும் வைக்காதீர்கள். முன்னதை ஜாருக்கு வெளியே உள்ள கான்ஃபிக்கிலிருந்து ஸ்ப்ரிங் பூட் தானாகவே எடுத்துக்கொள்ளும். பின்னதை அப்ளிகேஷன் ஃபோல்டருக்குள் எழுதி வைத்தால் அடுத்த டிப்ளாய்மென்ட்டில் அழிந்துபோக வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு பாராட்டியும் இன்றைக்கு மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். தேடியது கிடைக்காதபோது வாய் திறக்காத ஒன்றுக்கு அதற்கு மேல் போட மனம் வரவில்லை. நண்பருக்கோ ரிசோர்சஸ் என்றுதான் பதில் சொன்னேன். கூடவே ஒன்று: கெட்ரிசோர்ஸ்ஆஸ்ஸ்ட்ரீமை எங்கே கூப்பிட்டாலும் அதே வரியில் ரிக்வயர்நான்நல் ('நல்' வந்தால் அங்கேயே பிழை எழுப்பும் மெத்தட்) போட்டு, செய்தியாக அந்த ஃபைலின் முழுப் பாதையையும் கொடுத்துவிடுங்கள்.