கல்லணையிலேந்து பூம்புகார் வரைக்கும், நாலு வருஷமா ஒரே சைக்கிள்ல

2022 ஜூலையில முதல் தடவை கல்லணையில சைக்கிளை எறக்குனேன். வழக்கமா ஜூன் 12 தான் மேட்டூர் அணையை தெறப்பாங்க, அந்த வருஷம் மே 24ந் தேதியே தெறந்துட்டதால நான் போறப்ப காவிரி ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு, குறுவை நெல்லு நட்டு முடிஞ்சு வயல் முச்சூடும் பச்சை. சின்ன வயசுல லீவுக்கு லீவு வந்த ஊருதான், ஆனா பஸ் ஜன்னல்லேந்து பாத்தப்ப அந்த சேத்து வாசனை ஒருநாளும் மூக்குல ஏறுனது இல்ல. அதுலேந்து வருஷா வருஷம் ஆடியில அஞ்சு நாள் லீவு போட்டுட்டு வந்துடுறேன்.

நான் போற வழி திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, அங்கேந்து வடகரையோடவே கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம், அப்புறம் ஆடுதுறை, மயிலாடுதுறை, பூம்புகார். தஞ்சாவூர் கும்பகோணம் மெயின் ரோட்டுல தயவுசெஞ்சு போகாதீங்க, பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பொழுது போயிடும்.

நாலு வருஷத்துல நான் கத்துக்கிட்டதுல முக்கியமானது காத்துதான். ஆடிக் காத்து மேக்கேந்து வீசும், தண்ணி போற திசையிலயே நீங்களும் போனா முதுகுல கை வச்சு தள்ளுற மாதிரி இருக்கும். ரெண்டாவது வருஷம் ஆசைப்பட்டு கும்பகோணத்துலேந்து திருவையாத்துக்கு திரும்பி மிதிச்சேன், சுமார் 35 கிலோமீட்டர்தான், எதிர்க்காத்துல மதியம் வரைக்கும் ஆயிடுச்சு. திருவையாத்துல எறங்கி ஒரு கப் அசோகா அல்வா தின்ன பிறகுதான் கால்ல உசுரு வந்துச்சு.

சைக்கிள் பத்தி சொல்லணும்னா, மெல்லிசு டயர் இங்க ஆகாது, கரையில கெடக்குற சீமைக்கருவ முள்ளு நேரா ட்யூப்புக்கு போயிடும். முதல் வருஷம் மூணு பஞ்சர். இப்ப தடிமனா 38 எம்எம் போட்டிருக்கேன், ரிம் ஓட்டையை பெருசாக்கி பைக்குக்கு இருக்க மாதிரி வால்வு ட்யூபா மாத்திட்டேன், அதனால எந்த பஞ்சர் கடையிலயும் காத்து அடிச்சுக்கலாம், இது ஒண்ணே பெரிய நிம்மதி. தனியா வர்ற பொண்ணுங்களுக்கு ஒண்ணு, பாத்ரூமுக்கு பெட்ரோல் பங்கை நம்பி கிளம்புங்க, படித்துறை பக்கம் எதுவும் இருக்காது. பயம்னு ஒண்ணும் வந்ததில்ல. களை எடுக்குற அக்காங்க "எங்க ஆயி இப்படி தனியா, ஊட்டுல சொல்லிட்டு வந்தியா"ன்னு கேப்பாங்க, கேட்டுட்டு தூக்குவாளியிலேந்து நீராகாரம் ஊத்திக் குடுப்பாங்க.

2024 மட்டும் மறக்க முடியாது. ஜூலை ரெண்டாவது வாரம் போனேன், மேட்டூர் தெறக்கல, ஜூலை 28 தான் தெறந்தாங்க. காவிரி பூரா வெறும் மணல், அங்கங்க நாணல், மணல்ல பள்ளம் பள்ளமா கெடந்ததையும் காலி பாட்டில்களையும் பாத்துட்டு கபிஸ்தலத்தோட திரும்பிட்டேன், மனசே ஆகல. ஆகஸ்ட்ல மறுபடி வந்தேன். திருக்காட்டுப்பள்ளி தாண்டி சித்தி ஊர் வாய்க்கால்ல அப்பதான் தண்ணி வருதுன்னு சொன்னாங்க, சைக்கிளை மதகுல சாத்திட்டு நின்னேன். முதல்ல சத்தம்தான், காஞ்ச சருகு ஒண்ணோட ஒண்ணு உரசுற மாதிரி. அப்புறம் பழுப்பா ஒரு நொரை, குச்சி, சருகு, செத்தை எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு மனுஷன் நடக்குற வேகத்துலதான் வந்துச்சு, வெடிச்ச மண்ணு பொளபொளன்னு குமிழ் விட்டு குடிச்சுச்சு. பசங்க அதுக்கு முன்னாடி ஓடுறாங்க, ஒரு தாத்தா குனிஞ்சு ஒரு கை அள்ளி கண்ணுல ஒத்திக்கிட்டாரு. நானும் அள்ளினேன், மண்ணு கலந்து வெதுவெதுன்னு இருந்துச்சு.

2025ல தண்ணி சரியா ஜூன் 12 தெறந்துட்டாங்க, அந்த தடவைதான் பூம்புகார் வரைக்கும் முழுசா முடிச்சேன். கல்லணையில அவ்வளவு அகலமா பாத்த ஆறு அங்க கடலுக்கு போறப்ப வாய்க்கா மாதிரி ஒடுங்கிப் போயிருக்கு, வழி பூரா குடுத்துட்டு வந்திருக்குல்ல.

ஒரு வருஷம் வண்டியில ஏத்தி வந்ததுல பின் கியர் வளைஞ்சு போச்சு, அதுக்கப்புறம் சைக்கிளை சித்தி வீட்டு தாவாரத்துலயே சாக்கு போத்தி விட்டுட்டு வந்துடுறேன். இப்ப தையில ஒரு தடவை போகலாம்னு இருக்கேன், அப்ப வாடைக்காத்து, அதனால பூம்புகார்லேந்து மேக்க மிதிக்கணும். சித்திக்கு போன் பண்ணி சொன்னேன், "வாடி, ஆனா அறுப்பு சமயம், ரோடு பூரா நெல்லு காயும், அது மேல ஏத்திடாத, எறங்கித் தள்ளிக்கிட்டு வா"ன்னாங்க.