தேர்தல் பிரசாரம்: ரோடு ஷோவா, வீடு வீடாகவா?

தர்மபுரி நாலு ரோட்டில் கொடி, மேளம், பட்டாசு என்று டிராஃபிக்கை நிறுத்தினால் கட்சிக்காரர்களுக்கு உற்சாகம்தான், ஆனால் கூட்டத்தில் பாதிப்பேர் எப்படியும் அவர்களுக்கே ஓட்டுப் போடுகிறவர்கள், மீதி பஸ்ஸுக்கு நின்றவர்கள். 2016-இல் 'மாற்றம் முன்னேற்றம் அன்புமணி' என்று தமிழ்நாடே பேசிய பிரசாரம் நடந்தும், பாமகவின் முதல்வர் வேட்பாளரான அவரே பென்னாகரத்தில் திமுகவின் இன்பசேகரனிடம் தோற்றார். கட்சிக்கு ஒரு சீட்டும் இல்லை.

வாக்காளர் பட்டியலோடு தெருவில் இறங்கி, வீடு வீடாகப் போய், பெங்களூருக்கு வேலைக்குப் போன பையன் ஓட்டுப் போட வருவானா, ஒகேனக்கல் தண்ணி ஒழுங்காக வருதா என்று கேட்பது போட்டோவில் எடுபடாது. "போன தடவையும் இதையேதான் கேட்டீங்க" என்று பாட்டிகள் திட்டுவார்கள், சரி, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். யார் இன்னும் முடிவு செய்யவில்லை என்பது இதில்தான் தெரியும். காசு கம்மி என்றால் நான் இதைத்தான் எடுப்பேன், ரோடு ஷோ கடைசி வாரத்துக்குப் போதும்.