ஆஸ்திரேலிய மூளை, மறைமலைநகர் உடல்: பழைய என்டேவர் 3.2 வாங்கலாமா?

2011-இல் வந்த ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பை வடிவமைத்தது ஃபோர்டின் ஆஸ்திரேலியக் குழு. அதன் டி6 அடித்தளத்தில் பிறந்த எவரெஸ்ட் எஸ்யூவிதான், மறைமலைநகரில் தயாராகி இங்கே என்டேவர் ஆனது. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டின் கார் தயாரிப்பு 2016-லேயே முடிந்துவிட்டது. வடிவமைப்பு வேலை மட்டும் அங்கே தங்கியது. வலது பக்க ஸ்டீயரிங், மண் ரோடு, இழுவை என எல்லாவற்றையும் மனதில் வைத்துச் செய்ததால்தான் இந்த வண்டி பல நாடுகளில் எடுபட்டது. ஃபோர்டு ஆஸ்திரேலியாவின் பெரிய செடானான ஃபால்கனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்ஜின் 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் டீசல், 200 பிஎஸ் சக்தி, 470 என்எம் டார்க். பின்னால் காயில் ஸ்பிரிங்கும், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் வாட்ஸ் லிங்கேஜும் இருப்பதால் மேடுபள்ளத்தில் குதிக்காது. 800 மிமீ தண்ணீரில் இறங்கும். நகரத்தில் டீசல் குடிக்கும், அதை மறைக்க வேண்டாம்.

ஆயில் மாற்றுவதில்தான் ஆபத்து. பழைய ஆயிலைப் பத்து நிமிடத்துக்கு மேல் வடிய விட்டால் ஆயில் பம்ப் காலியாகி, ஸ்டார்ட் செய்ததும் ஆயிலை இழுக்காமல் போகலாம். இன்ஜின் அங்கேயே முடிந்துவிடும். புது ஃபில்டரையும் ஆயிலையும் கையில் வைத்துக்கொண்டே ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். இரவு முழுக்க வடியட்டும் என்று நினைக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

அடுத்தது இஜிஆர் கூலர், அதாவது இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம். வெளியே கசிவு இல்லாமல் கூலன்ட் குறைந்தாலோ, வெள்ளைப் புகை வந்தாலோ கூலிங் சிஸ்டத்துக்குப் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் வாங்க வேண்டாம்.